புலால் மறுத்தலும் அருளுடைமையும்

சிவமயம்

ஒரு சமயத்தின் பெயரே ஓர் உணவின் பெயராகவும் வழங்குவது தமிழில் வேரூன்றிய வழக்கு. உண்டிச்சாலையிற் புகுவாரைச் ‘சைவமா, அசைவமா?’ என்று வினவும் பணியாளனும், அதற்கு விடை கூறுவோரும் அப்பொழுது சிவபெருமானை நினைந்து பேசுகின்றாரல்லர். யாழ்ப்பாணத்தார் புலாலுணவை ‘மச்சம்’ என்பர். மற்றையதை அவரும் ‘சைவம்’ என்றே கூறுவர். திருமாலடியாருங்கூடத் தம் உணவைக் குறிக்குங்கால் அச்சொல்லையே ஆளுகின்றனர். சிவநெறியையும் புலால் மறுத்தலையும் ஒன்றாக வைத்து ஒழுகிய சான்றோர் நமக்கு ஈட்டிவைத்த புகழ் இது. ஆயின், 2014-ஆம் ஆண்டில் அரசினர் எடுத்த கணக்கின்படி தமிழ்நாட்டில் 100 பேருள் 90 பேருக்கு மேற்பட்டோர் புலாலுண்பவரே. அவருள் நெற்றியில் திருநீறும் நாவில் திருவைந்தெழுத்தும் உடையார் பலர். சொல் நம்மிடம் தங்கிற்று. பொருள் பெரும்பாலும் நீங்கிற்று.

புலாலுண்ணல் தீதென நிறுவுதற்கு இக்கட்டுரை எழுந்ததன்று. அதனை ஆன்றோர் நூல்கள் ஐயத்திற்கு இடமின்றி நிறுவியுள்ளன. புலாலுண்டு வளர்ந்த ஒருவன் அதனை விடுங்கால் அவன் நாவும் உடலும் இல்லமும் படும் இடர்கள் யாவை, அவ்விடர்களைத் தாங்கி நிற்பதற்குத் துணை யாது என்பவற்றையே என் அனுபவங்கொண்டு கூறப் புகுகின்றேன். விடுதல் ஒருநாளிற் கைகூடும். விட்டது நிலைபெறுதற்குப் பல்லாண்டு வேண்டும். அந்நிலைபேற்றுக்கு வேராவது அருவருப்பன்று, அருளே என்பது யான் கண்ட துணிபு.

யான் பிறந்தது நாகப்பட்டினத்திற்கு அணித்தான ஒரு கடற்கரையூர். அதிபத்த நாயனார் தோன்றிய நுளைப்பாடியும் அந்நாகையைச் சார்ந்ததே. வலையிற் படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடும் நியமம் பூண்டவர் அந்நாயனார். நாளொன்றுக்கு ஒரு மீனே கிடைத்த வறுமைக் காலத்தும் அதனை விட்டார். பசியால் மெலிந்திருந்த நாளிற் பொன்மீன் அகப்பட, அதனையும் விட்டார். ஆவணித் திங்களில் நாகைக் காரோணத்தை ஒட்டி நிகழும் பொன்மீன் விடும் விழாவிற்கு எந்தையார் என்னைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வார். வெள்ளிக்கிழமை, கிருத்திகை, அமாவாசை, பிரதோடம் ஆகிய நாட்கள் நீங்கலாக எங்கள் இல்லத்தில் மீனில்லாத உணவில்லை. மீன்சட்டி வேறு, சோற்றுப்பானை வேறு; விரத நாட்களில் அச்சட்டி அடுக்களைக்குப் புறத்தே கவிழ்ந்து கிடக்கும். திருநீறும் மீன்குழம்பும் ஒருங்கே கொண்ட குடிகள் தமிழ்நாட்டில் எண்ணில; எம் குடியும் அவற்றுள் ஒன்று.

பள்ளியில் தமிழாசிரியனாக அமர்ந்த பின்னர், திருக்குறளின் அதிகார வைப்புமுறையே என் உள்ளத்தைத் திருப்பிற்று. 25-ஆம் அதிகாரம் அருளுடைமை. 26-ஆம் அதிகாரம் புலான்மறுத்தல். 27-ஆம் அதிகாரம் தவம். அருளுக்கும் தவத்திற்கும் இடையே புலால் மறுத்தலை நாயனார் நிறுத்தியுள்ளார். அருள் உண்டாயின் புலால் நீங்கும். புலால் நீங்கினால் தவத்திற்கு வழி திறக்கும் என்பது அவ்வைப்பினால் விளங்கிற்று. கொல்லாமை பின்னர், 33-ஆம் அதிகாரமாகத் தனியே வருகின்றது. தானே கொல்லாதவனும் விலை கொடுத்து உண்ணுமிடத்துக் கொலைக்குக் காரணனாகின்றான் என்பதனால், உண்ணல் வேறாகவும் கொல்லல் வேறாகவும் வைத்துக் கடியப்பட்டன. திருமூல நாயனாரும் தம் முதல் தந்திரத்தில் இவ்விரண்டையும் தனித்தனியே மறுத்தனர். ஆறுமுக நாவலர் பெருமானும் நான்காம் பாலபாடத்திற் கொலையையும் புலாலுண்ணலையும் வெவ்வேறு பாடங்களாக அமைத்தார். அருட்பா குறித்த வாதத்தில் அவர்க்கு எதிரே நின்ற இராமலிங்க அடிகளாரும் இவ்வொரு பொருளில் அவரோடு ஒருமுகமாகவே நின்றார். 1988-ஆம் ஆண்டில், என் 31-ஆம் வயதிற் சமயதீக்கை பெற்றபொழுது, ஆசாரியர் திருமுன் புலால் விடுவதாக உறுதிகூறினேன்.

முதற்கண் நாவின் இடரைச் சொல்வேன். சோறும் சாம்பாரும் வயிற்றை நிறைத்தன. ஆயினும் உண்டு எழுந்தபின் உண்ணாதவன் போன்றதோர் உணர்வு எஞ்சிற்று. மாலையில் அயல்வீட்டிற் கருவாடு சுடும் மணம் எழுந்தால் படிக்குந் திருமுறையிற் கண் நில்லாது. இவ்வேட்கையை வைது அடக்குதல் இயலாது என்பதைச் சில கிழமைகளில் அறிந்தேன். அதனை ஆராய்ந்தபொழுது, நாவு வேண்டியதிற் பெரும்பங்கு மீனன்று, மீனொடு சேர்ந்த புளியும் உப்பும் காரமும் வெந்தயமும் நல்லெண்ணெயுமே என்பது புலப்பட்டது. என் மனைவியார் அக்குழம்பையே மீனின்றி, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் மாங்காயும் இட்டு ஆக்கினார். சேனைக்கிழங்கைத் துண்டங்களாக அரிந்து அதே மசாலை தடவித் தோசைக்கல்லில் வறுத்தார். பருப்பு உருண்டைக் குழம்பும், பலாக்கொட்டையும் மொச்சையும் சேர்ந்த கூட்டும் அடுத்து வந்தன. அக்குழம்பை முதலிற் சுவைத்த என் அன்னையார், “தம்பி, குழம்பு வந்திருக்கிறது, மீன்தான் வரவில்லை” என்று கூறி நகைத்தார். மூன்றாந் திங்களிற் கருவாட்டு மணம் வெறும் மணமாயிற்று. ஓராண்டிற்குள் வேட்கை ஒழிந்தது. நாவு பழக்கத்திற்கு அடிமை. வேறு பழக்கத்தைப் பொறுமையோடு கொடுப்பார்க்கு அது அடங்கும்.

அடுத்து உடலின் காரியம். புலாலை விட்டேம் என்று சொல்லிச் சோற்றையும் புளிக்குழம்பையும் மட்டும் உண்பார் சிலர் மெலிந்து, பின்னர் மருத்துவர் சொன்னார் என்று நோன்பையே கைவிடுகின்றனர். உடல் இறைவனை வழிபடுதற்கு அளிக்கப்பட்ட கருவி. அதனைப் பேணாமை நோன்பின் பகுதியாகாது. துவரம் பருப்பு, உளுத்தம் பருப்பு, பாசிப்பருப்பு ஆகிய ஒவ்வொன்றிலும் 100 கிராமில் 20 கிராமுக்கு மேற் புரதம் உண்டு. அரிசியிற் குறைவாயுள்ள லைசின் என்னும் கூற்றைப் பருப்பு நிரப்பும். பருப்பிற் குறைவாயுள்ள மெத்தியோனினை அரிசி நிரப்பும். பொங்கலும் இட்டலியும் பருப்புச் சோறும் நம் முன்னோர் ஆராய்ச்சிச் சாலையின்றிக் கண்ட நற்சேர்க்கைகள். இரும்புச் சத்திற்குக் கீரைகளும் எள்ளும் பயறும் உள. ஆயினும் புலாலிலுள்ள இரும்பினும் இவற்றின் இரும்பு உடலிற் சேர்வது குறைவு. நெல்லிக்காயோ எலுமிச்சஞ்சாறோ உடன் கொள்ளின் அது மிகுதியாகச் சேரும்; உணவை ஒட்டித் தேநீர் அருந்தின் அது தடைப்படும்.

வைட்டமின் பி-12 என்பதொன்றைத் தனியே குறிக்கவேண்டும். 1948-ஆம் ஆண்டிற் பிரித்தறியப்பட்ட இச்சத்து, நாம் உண்ணும் காய்கனி தானியங்களில் இயல்பாக அமைவதன்று. முதியோர்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது ஏறத்தாழ 2 மைக்ரோகிராம் அளவே. எனினும் அது குறையின் சோர்வும், கைகால் மரத்தலும், மறதியும் தோன்றும். பாலும் தயிரும் மோரும் கொள்வார்க்கு ஓரளவு கிடைக்கும். சிலர்க்கு அதுவும் போதாது. குருதியைச் சோதித்துக் குறை காணின் மாத்திரை கொள்ளுதல் தகும். அம்மருந்து நுண்ணுயிர்களைப் புளிக்கவைத்துச் செய்யப்படுவதாகலின் புலாலன்று. உறையிட்ட மருந்தாயின் அவ்வுறை விலங்கின் எலும்பு தோல்களினின்று எடுக்கும் ஜெலட்டினாக இருத்தல் கூடும், வினவி வாங்குக. இவற்றைச் சமயப் பத்திரிகையிற் கூறுவதென்னை யெனின், நோன்பு முரிவது பெரும்பாலும் ஞானநூலைப் பற்றிய ஐயத்தாலன்று, தளர்ந்த உடலாலே என்க.

இனி, இந்நெறியிற் புகுவாரை நோக்கி உற்றாரும் நண்பரும் எழுப்புந் தடைகள் மூன்று. இல்லத்தானுக்கு இது விதியன்று, திருக்குறளில் இது துறவறவியலிலன்றோ உளது என்பது முதலாவது. அவ்வியலிலேயே கள்ளாமையும் வாய்மையும் வெகுளாமையும் உள. இல்லத்தான் களவு செய்யலாம், பொய் கூறலாம் என்று கொள்வார் ஒருவருமிலர். ஆதலின் அத்தடை நில்லாது. செடிகொடிகளும் உயிரல்லவோ என்பது இரண்டாவது. உயிரே; ஆயினும் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகவும், விலங்கினை ஐயறிவுயிராகவும் தொல்காப்பிய மரபியல் பகுத்தது. அறிவு மிகுந்தோறும் துன்பத்தை உணர்தலும் மிகும். நெல்லும் பயறும் முற்றி விளைந்து, பயிர் தன் வாழ்நாளை முடித்தபின் கொள்ளப்படுவன. கனி மரத்தைக் கொல்லாமற் கொள்ளப்படுவது. உடம்பெடுத்தார் தீங்கை முற்றும் ஒழித்தல் அரிது. இயன்றவரை குறைத்தல் கடன்.

மூன்றாவது தடை கண்ணப்ப நாயனாரைக் காட்டுவது. ஊனமுது படைத்தாரைப் பெருமான் உவந்தேற்றான் அல்லனோ என்பர். ஏற்றான். ஏற்றது ஊனையன்று, அதனைத் தாங்கி வந்த அன்பையே. தம் கண்ணையே இடந்தப்பிய அன்பு நம்மிடம் உளதாயின் அவரை எடுத்துக்காட்டுதற்கு நாம் உரியராவோம். ஈண்டு பிறிதொன்றும் சிந்திக்கத்தக்கது. திருக்காளத்தியில் நாள்தோறும் அவ்வூனைக் கண்டு நொந்து, அவ்விடத்தைத் தூய்மை செய்து பூசித்தவர் சிவகோசரியார். அவர் கனவில் தோன்றிய பெருமான், ‘நின் ஆகம நெறியை விட்டு நீயும் ஊன் படைக்க’ என்று கூறினானில்லை. மறைந்துநின்று அவ்வேடனது அன்பைக் காண்க என்றே பணித்தான். தம் தூய நெறியில் தாம் வழுவாது நிற்றலும், அந்நெறியில் நில்லாதார்பால் உள்ள அன்பைக் காணுதலும் ஒருங்கே வேண்டுவன என்பது அவ்வரலாற்றினின்று யான் கொள்ளும் பொருள்.

இப்பொருள் எனக்கு இன்றியமையாததாயிற்று. நாவினும் உடலினும் அரிய இடர் இல்லத்திலே தோன்றிற்று. யான் நோன்பு பூண்ட ஆண்டில் அன்னையார்க்கு 66 வயது. இரண்டு அடுப்பில் இருவகை ஆக்கப்படுவதைச் சின்னாள் கண்டவர், ஒருநாள் மீன்சட்டியை யாரிடமோ கொடுத்துவிட்டார். “எனக்கும் வேண்டாம், உன் பூசைக்கு வாடை எதற்கு?” என்றார். அன்று முதல் அவர் உணவு பாதியாயிற்று. மீனின்றிச் சோறு இறங்காத நாவு அது. எழுபதை அணுகும் உடம்பு அது. மூன்று திங்களிற் கைவளை கழன்று விழும்படி மெலிந்தார். மீனுக்கு இரங்கிய நோன்பு தாயை மெலிவித்தல் தகுமோ? அவர்க்கென்று யானே விலைகொடுத்து மீன் வாங்கினால் கொலைக்குத் துணையாகேனோ? இருபாலும் வழி அடைபட்டதாக உணர்ந்து ஆசாரியரிடம் விண்ணப்பித்தேன்.

அவர் நெடிது உரைக்கவில்லை. “நோன்பு நின்னுடையது, அன்னையின் உணவைக் குறைப்பது அதன் பகுதியன்று. மீனை நீ வாங்கற்க, உண்பாரை நோக்கி முகஞ்சுளிக்கவும் செய்யற்க” என்றார். அயலூரிலிருந்த என் தமக்கையார் இதனை அறிந்து, கிழமைக்கு இருமுறை தம் இல்லத்தில் ஆக்கிக் கொணர்ந்தார். அன்னையார் உண்ணும்பொழுது யான் அவர் பக்கத்தில் அமர்ந்து என் உணவை உண்டேன். விலகி அமர்தல் எளிது. அருகில் அமர்ந்து முகம் மாறாதிருத்தலே அரிதாயிற்று. அதுவே என் நோன்பின் உண்மையான பயிற்சியாகவும் ஆயிற்று. சில ஆண்டு கழித்துத் திங்கட்கிழமைகளையும் பிரதோடங்களையும் அவரே தம் விருப்பால் தூய்மையாகக் காத்தார். முற்றும் விட்டுவிடலாமே என்று என் மனைவியார் ஒருமுறை கூறியபொழுது, “அவன் விட்டான் என்று நான் விட்டால் அது அவனுக்காக விட்டதாகும்; சாமிக்காக விட்டதாகாதே” என்று விடை கூறினார். 1999-ஆம் ஆண்டிற் சிவபதம் அடையும்வரை அவர் முற்றும் விட்டாரல்லர். அவர் அன்று கூறியதினும் தெளிவான நோன்பிலக்கணத்தை யான் பிறரிடம் கேட்டதில்லை. என் மனைவியார் யான் கேளாமலே இரண்டாம் ஆண்டில் விட்டார். மக்கள் இருவருள் ஒருவர் இந்நெறியில் நிற்கின்றார். மற்றவரை யான் வினவுவதில்லை.

வடலூரிலே இராமலிங்க அடிகளார் அமைத்த இரண்டு இடங்களை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். 1872-ஆம் ஆண்டிற் கோலிய சத்திய ஞானசபையின் உள்ளே கொலையும் புலையும் தவிர்த்தவரே புகுதல் வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. அதற்கு முன்னரே, 1867-ஆம் ஆண்டில் நிறுவிய சத்திய தருமச்சாலையிலோ, பசித்து வந்தார் எவர்க்கும் சோறு உண்டு. அவர் புலாலுண்பவரா என்னும் வினா அங்கே இல்லை. வழிபாட்டின் வாயில் ஒழுக்கத்தை வேண்டிற்று. சோற்றின் வாயில் பசியை மட்டும் நோக்கிற்று. இரண்டு வாயிலையும் ஒருவரே அமைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது. நம்மிற் பலர் முதல் வாயிலைக் காப்பதில் விழிப்புடையராய், இரண்டாவதனை அடைத்துவிடுகின்றோம். புலாலுண்பாரது வீட்டில் நீரும் பருகோம் என்றும், அவர்க்கு வாடகைக்கு வீடும் கொடோம் என்றும் பேசப்படுவதை நகரங்களிற் கேட்கின்றோம். இது அருளின் பயனோ, குலச்செருக்கின் மறுவடிவோ என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

அருவருப்பும் அருளும் வெளிக்கு ஒன்றுபோலத் தோன்றினும் வேறு என்பதை ஒரு பெருந்துயரம் எனக்குக் காட்டிற்று. 26-12-2004 அன்று எழுந்த ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடல் கொண்ட உடல்களை மீன்கள் தின்றிருக்கும் என்னும் எண்ணத்தால், மீனின்றி உண்ணாத ஊர்களிலும் மக்கள் மீனை வெறுத்தனர். படகும் வலையும் இழந்து, எஞ்சியவற்றைச் செப்பனிட்டுக் கடலுக்குச் சென்று மீண்டோர் கொணர்ந்த மீனைக் கொள்வாரில்லை. எங்கள் தெருவிற் கூடையோடு வரும் அம்மையார் ஒருவர் உண்டு. யான் தீக்கை பெற்ற செய்தியறிந்த நாள்முதல் எம் வாயிலில் கூவுதலை நிறுத்திக்கொண்டவர். பேரனைக் கடலுக்குக் கொடுத்த அவர், ஒருநாள் வெறுங்கையோடு எம் திண்ணையில் வந்து அமர்ந்தார். “வாத்தியாரய்யா, நீங்கள் மீன் பாவம் என்று விட்டீர்கள், அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஊரார் எங்கள் பிள்ளைகளை நினைத்துக் குமட்டி விட்டார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை” என்றார்.

சில திங்கள் கழிந்தன, அருவருப்பு நீங்கிற்று, மக்கள் மீண்டும் மீனுண்ணத் தொடங்கினர். அருவருப்பால் விட்டது அருவருப்பு உள்ளவரையே நிற்கும். செருக்கால் விட்டது காண்பார் உள்ளவரையே நிற்கும். உயிர்க்கு இரங்கி விட்டதொன்றே காண்பாரில்லாத இடத்தும் நிற்கும். அவ்விரக்கம் மீனளவில் நின்றுவிடாது, மீன் பிடிப்பாரையும் விற்பாரையும் உண்பாரையும் தழுவும். மீனை விட்டவர் மீனவரை விடலாகாது. பொன்மீன் விட்ட நாயனாரும் மீன் பிடித்து வாழ்ந்தவரே. அறுபத்து மூவர் வரிசையில் அவர்க்கு முன்னும் நாம் தலைதாழ்த்தியே செல்கின்றோம்.

ஆதலின், இந்நெறியிற் புக விரும்பும் அன்பர்கட்கு எளியேன் விண்ணப்பிப்பது இது. ஒருங்கே விட இயலாதார் கிழமைக்கு ஒருநாள் தொடங்குக. சோமவாரத்தையும் பிரதோடத்தையும் சட்டியின்றிக் காத்துப் பின் நாட்களைப் பெருக்குக. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் விழா நிகழும் 25 நாளும் யாழ்ப்பாணத்து இல்லங்கள் பலவற்றில் மச்சம் புகுவதில்லை. இருபத்தைந்து நாள் இயலுவது, இறைவன் திருவருளால், ஆண்டு முழுதும் இயலும். உடலுக்கு வேண்டுவனவற்றை அறிந்து உண்க. இல்லத்தார்மேல் நோன்பைச் சுமத்தற்க. முன்னரே விட்டவர்கள், புதிதாக விட முயல்வாரது தளர்ச்சியை எள்ளாது, ஒரு நற்குழம்பு ஆக்கும் வகையையேனும் அவர்க்குக் கற்பிப்பாராக. உணவிற்குச் ‘சைவம்’ என்று பெயரிட்ட தமிழ்மக்கள் அப்பெயராற் கருதியது இலையில் உள்ளதை மட்டுமன்று, உண்பவன் நெஞ்சில் உள்ளதையுமே என்பதை நம் ஒழுக்கத்தால் மெய்ப்பிப்போமாக.

திருச்சிற்றம்பலம்